நண்டுக் கடையை நிறுத்தியது யார்?

"தங்கச்சி, உங்கடை சாமான் திரும்ப நிண்டிட்டுது."

போன வாரம் என் போனில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். சொன்னவர் குருநகர் ஜெசிந்தா அக்கா. சாமான் என்று அவர் சொல்வது, நானும் என் தம்பி குகனும் சேர்ந்து அவருக்குச் செய்து கொடுத்த இணையக் கடையை.

இந்தப் பக்கத்தை வழமையாக வாசிப்பவர்களுக்கு எங்கள் பிழைப்புத் தெரியும். மானிப்பாயில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடி. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, அக்காவும் தம்பியும். ஊரில் யாருக்காவது வெப்சைட் வேண்டுமென்றால் செய்து கொடுப்போம். செய்து கொடுப்பது சுலபம். அதை நிற்காமல் ஓட வைப்பதுதான்... சொல்கிறேன்.

கொம்பியூட்டர் பற்றி எழுதினால் தலையிடிக்கிறது என்று சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர் முன்பு எழுதியிருந்தார். ஐயா, இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் கொம்பியூட்டர் கொஞ்சம், நண்டு அதிகம். அதோடு, நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெசிந்தா அக்காவும் குருநகரில் இன்னும் சில பெண்களும் சேர்ந்து நடத்துவது அது. வீட்டு ஆண்கள் கடலில் பிடித்துக்கொண்டு வருவதை இடைத்தரகரிடம் கொடுக்காமல் தாங்களே விற்கிறார்கள். படகு கரைக்கு வந்ததும் நண்டு, இறால், கணவாய் என்று படம் எடுத்துக் கடையில் ஏற்றுவார்கள். மானிப்பாயிலும் இணுவிலிலும் இருக்கிற வீட்டுக்காரர்கள் போனில் பார்த்து ஓர்டர் போடுவார்கள். சமையலுக்கு முன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

இதைக் கேள்விப்பட்டு யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஹொட்டேலைச் சேர்ந்தவர்கள் ஆசைப்பட்டார்கள். தங்களுக்கு நாள்தோறும் மீனும் நண்டும் வேண்டும், ஓர்டரைக் கடை மூலமாகத்தான் போடுவோம், எங்கள் செஃப் நினைத்த நேரத்தில் போட முடிய வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் பார்ப்போம், எல்லாம் சரியாக நடந்தால் சனிக்கிழமை ஒப்பந்தம்.

அக்காவின் ஆட்களுக்கு இது சின்ன விஷயமா? ஹொட்டேல் கிடைத்தால் தரகர் இருக்கும் திசையில் இனித் தலைவைத்தும் படுக்கத் தேவையில்லை. கிடைக்காவிட்டால், இவ்வளவு நாளும் முறைத்துக்கொண்டு விலகி நின்ற அதே தரகரிடம் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். அவர் என்ன சொல்வார், எப்படிச் சிரிப்பார் என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்கு இப்போதே தெரியும்.

அதனால் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். மிகவும் புத்திசாலித்தனமான காரியம். அப்படித்தான் நினைத்தோம்.

கடை ஓடிக்கொண்டிருந்த சேர்வர் கொஞ்சம் நெருக்கடியானது. சேர்வர் என்றால் வேறொன்றுமில்லை — எங்கோ தூர தேசத்தில் நாள் முழுக்க விழித்திருக்கும் ஒரு கொம்பியூட்டர். அதில் வாடகைக்கு இடம் எடுத்து எங்கள் ப்ரோகிராமை ஓட விடுவோம். நீங்கள் உங்கள் போனில் நண்டைத் தட்டினால், 'இருக்கிறது, எத்தனை வேண்டும்?' என்று பதில் சொல்வது அந்தப் ப்ரோகிராம்தான். அது நின்றுவிட்டால் உங்கள் போனில் நண்டும் இல்லை, கடையும் இல்லை. வெறும் வெள்ளைப் பக்கம்.

எங்களிடம் இன்னொரு சேர்வரும் இருந்தது. விசாலமானது. அதற்குள் இணுவிலில் உள்ள ஒரு கலியாண மண்டபத்தின் புக்கிங் ப்ரோகிராம் மட்டும் வருடக்கணக்காகத் தனியே குடியிருந்தது. அங்கிருந்து ஒருநாள்கூட முறைப்பாடு வந்ததில்லை. ஹொட்டேல் வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இரவு நண்டுக் கடையை அதற்குள் குடியமர்த்தினோம்.

"ராசியான இடம்" என்றேன் நான். குகன் என்னை முறைத்தான்.

அவன் அப்படித்தான். ராசி, நேரம், சகுனம் எதுவும் அவனுக்கு ஆகாது. புது மோட்டார்சைக்கிளுக்குத் தேசிக்காய் வைக்க அம்மா வந்தபோது, சாவியை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி நின்றவன் அவன். அம்மா தேசிக்காயை அடுத்த வீட்டுப் பிள்ளையின் சைக்கிளுக்கு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சைக்கிள் இன்னும் நன்றாக ஓடுகிறது என்பதை அவன் காதுபட அடிக்கடி சொல்வார்.

இனித் திங்கட்கிழமை.

காலைத் தேத்தண்ணியை வாயில் வைத்தேன். போன் அடித்தது. கடை நின்றுவிட்டது. குகன் ஓடிப்போய் ரீஸ்டார்ட் பண்ணினான், கடை எழும்பியது. ரீஸ்டார்ட் என்பது எங்கள் தொழிலில் தலையிடிக் குளிசை மாதிரி. ஏன் இடித்தது என்று தெரியாது, இப்போது இடிக்கவில்லை, அவ்வளவுதான். புது இடம், முதல் நாள், ஏதோ தடுமாற்றம் என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பிரச்சினையும் இல்லை. மதியமும் இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்தோம். பின்னேரம் போன். ஹொட்டேல் செஃப் இரவு விருந்துக்கு இறால் எடுக்கப் போன நேரம் பார்த்து வெள்ளைப் பக்கம்!

குகன் மெமரியில் சந்தேகப்பட்டான். ப்ரோகிராம்கள் சில வேளை நினைவகத்தைக் கண்டபடி விழுங்கி, மூச்சு முட்டி விழுந்துவிடும். எங்கள் தொழிலில் இது ஊரறிந்த நோய். நான் அக்காவின் படங்களில் சந்தேகப்பட்டேன். அந்தப் பெண்கள் ஏற்றும் நண்டுப் படங்கள் அவ்வளவு பெரியவை. ஒவ்வொரு நண்டின் காலிலும் உள்ள முடியை எண்ணலாம். இவ்வளவு பெரிய படங்களைத் தூக்கித் தூக்கித்தான் ப்ரோகிராம் களைத்து விழுகிறது என்று முடிவுகட்டினேன். இரண்டு சந்தேகமும் ஒன்றுக்கொன்று பொருந்தியதால் எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

அக்காவிடம் படங்களைச் சின்னதாக்கச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. புதன்கிழமை காலை எல்லாரும் முத்திரை அளவில் படம் ஏற்றினார்கள். செஃப் அக்காவைக் கூப்பிட்டு, இது நண்டா, எட்டுக்கால் பூச்சியா என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பூச்சிப் படங்களோடும் புதன் மதியம் கடை நின்றது.

திங்கள் காலை, செவ்வாய் பின்னேரம், புதன் மதியம். ஒரு ஒழுங்கு வேண்டாமா? கூட்டம் அதிகமான நேரத்தில் நின்றால் கூட்டத்தைச் சொல்லலாம். ஒரே நேரத்தில் நின்றால் அந்த நேரத்தைப் பிடிக்கலாம். இது பேய் வீட்டு மின்குமிழ் மாதிரித் தன் எண்ணத்துக்கு அணைந்தது. பேய் என்ற சொல்லை குகன் முன்னால் நான் சொல்லவில்லை. அவன் அன்று மதியம் சாப்பிடவுமில்லை — பல்வலி வேறு.

வியாழக்கிழமை ஒரு வேலையாக நான் சாவகச்சேரிக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்கு. பின்னால் வந்தவர்கள் என்னை ஏற்றினார்கள். ஒரு கையில் மேல் கம்பி. மறு கையில் லப்டொப் பை. காலுக்கிடையில் யாரோ கொண்டுபோகும் பலாப்பழம். பஸ் நகர்ந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற பெண் பரிதாபப்பட்டு என் பையை வாங்கிப் பிடித்தார்.

"தங்கச்சி, திரும்ப நிண்டிட்டுது. செஃப் இப்பதான் கதைச்சவர். இன்னொருக்கா இப்பிடி நடந்தா தரகரிட்டையே எடுக்கப்போகினமாம்."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சந்தையில் மீன் விலைக்கு நிற்கும்போது அவர் போடும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்த மனிசி மெதுவாகக் கதைத்தார்.

குகனுக்கு அடித்தேன். எடுத்தது ஒரு பெண் குரல். பல் வைத்தியரின் உதவியாளர். உங்கள் தம்பி கதிரையில் படுத்திருக்கிறார், வாய் திறந்திருக்கிறது, ஆனால் கதைக்க ஏலாது என்றார்.

லப்டொப்பைத் திறக்க பஸ்ஸில் இடமில்லை. திறந்தாலும் பலாப்பழத்தின் மேல்தான் வைக்க வேண்டும். போனில் செய்யலாமா என்றால், சேர்வருக்குள் போகும் சாவி லப்டொப்பில் மட்டும்தான் இருக்கிறது. கொடிகாமம் பக்கமிருந்து வந்த சனம் முழுவதும் என் முதுகில் சாய்ந்திருக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடை செத்துக் கிடப்பதைத் தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

யாழ்ப்பாணத்தில் இறங்கி, மானிப்பாய் பஸ் பிடித்து, மருந்துக் கடைப் படியில் மூச்சு வாங்க ஏறி, மேசையில் லப்டொப்பைத் திறந்தேன். ரீஸ்டார்ட் பண்ணக் கையை வைத்தேன்.

கடை ஓடிக்கொண்டிருந்தது!

நண்டுகள் எல்லாம் முத்திரை அளவில் வரிசையாக இருந்தன. இணுவிலிலிருந்து ஒருவர் கணவாய்க்கு ஓர்டர்கூடப் போட்டிருந்தார். அந்நேரம் குகன் உள்ளே வந்தான். ஊசி போட்டதில் பாதி முகம் விறைத்து ஒரு பக்கம் தொங்கியது. நீ ரீஸ்டார்ட் பண்ணினாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். நானும் பண்ணவில்லை. அந்தச் சேர்வரின் சாவி வேறு யாரிடமும் இல்லை.

நீங்களே சொல்லுங்கள். செத்தது தானாக எழும்புமா?

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தால் இல்லை. இவ்வளவு நாளும் எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்த ஏதோ ஒன்று இப்போது அசைந்துவிட்டது. மூன்று நாளும் கடை நின்ற உடனே ஓடிப்போய் எழுப்பினோம். ஒருமுறைகூட அதை அப்படியே விட்டுப் பார்க்கவில்லை. விட்டிருந்தால் திங்கட்கிழமையே தானாக எழும்பியிருக்குமே! எங்கள் அவசரம்தான் விஷயத்தை மூடி வைத்திருந்தது. அந்த பஸ்ஸுக்கும் பலாப்பழத்துக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ப்ரோகிராமும் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும். லொக் என்போம். அதைத் திறந்தேன். கடை நின்ற நேரத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: நிற்கச் சொன்னார்கள், மூடுகிறேன்.

இந்த வரி எங்களுக்குப் புதிதல்ல. வாரம் முழுக்கப் பார்த்ததுதான். நாங்கள் ரீஸ்டார்ட் பண்ணும்போதும் இதே வரிதான் விழும். ஆகவே அது எங்கள் கைவேலை என்று எண்ணித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம். வியாழக்கிழமை நாங்கள் இருவருமே கை வைக்கவில்லை. ஆனாலும் வரி இருக்கிறது. அப்படியென்றால்?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். சுருண்டு விழுகிற ப்ரோகிராம் சும்மா விழாது. மெமரி முட்டி விழுந்தாலும், பிழை வந்து விழுந்தாலும், எங்கோ ஒரு மூலையில் கத்திப் புலம்பிவிட்டுத்தான் விழும். எங்கள் நண்டுக் கடை கத்தவில்லை. யாரோ வந்து கதவைத் தட்டி, போய் வாருங்கள் என்று சொல்ல, கையிலிருந்த வேலையை ஒழுங்காக முடித்து, கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறது. நோயே இல்லாத ஆளுக்கு நாங்கள் மூன்று நாளாக வைத்தியம் பார்த்திருக்கிறோம். பத்தியம் வேறு — பாவம் அந்த நண்டுப் படங்கள்.

வீட்டில் தண்ணீர் மோட்டர் ஓடாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? திருத்துகிறவரைக் கூப்பிடுவீர்கள். அவர் வந்து கழற்றுவார், துடைப்பார், தலையைச் சொறிவார். கடைசியில் பார்த்தால் வந்த விருந்தாளி குசினியில் சுவிச்சை நிறுத்தியிருப்பார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒன்று நின்றுவிட்டால் அதற்கு என்ன வருத்தம் என்றுதான் முதலில் தேடுகிறோம். யாராவது நிறுத்தினார்களா என்று கேட்க ஏனோ வெட்கப்படுகிறோம்.

நிறுத்தியது யார்? அந்தச் சேர்வருக்குள் இருந்த மற்றக் குடித்தனத்தைப் பார்த்தேன். மண்டபத்தின் லொக்கைத் திறந்தேன். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. நண்டுக் கடை நின்ற அதே கணத்தில் மண்டபமும் நின்றிருக்கிறது. எழும்பிய அதே கணத்தில் எழும்பியிருக்கிறது. நின்றது வியாழன் மட்டுமா? புதனும், செவ்வாயும், திங்களும். இன்னும் மேலே போனால் போன மாதமும், போன வருடமும்!

குகனிடம் காட்டினேன். விறைத்த வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

வருடக்கணக்காக நாள் தவறாமல் நின்று எழும்பும் ஒரு ப்ரோகிராம். ஒரு முறைப்பாடுகூட இல்லை. ஏன்? இணுவிலில் யாருமே கவனிக்கவில்லையா? கலியாண மாதங்களில் அந்த மண்டபத்துக்கு இருக்கிற அடிபிடி எங்களுக்குத் தெரியாததா?

முறைப்பாடு சொல்கிறவரோடு வாரம் முழுக்கக் கதைத்தாயிற்று. இனி முறைப்பாடே சொல்லாதவரோடு கதைத்துப் பார்ப்போம் என்று மண்டப உரிமையாளர் கதிர்காமநாதன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் அவசரப்படுகிற மனிதர் அல்ல. அம்மாவின் சுகம் கேட்டார். மழை இந்த முறை பிந்துகிறது என்றார். குகனுக்கு எப்போது கலியாணம், மண்டபம் இருக்கிறது, யோசிக்க வேண்டாம் என்றார். எல்லாம் கேட்டு முடித்தபின் நான் மெதுவாக, உங்கள் புக்கிங் இந்த வாரம் இடையிடையே நின்றதா என்று கேட்டேன்.

"ஓம், நிக்கும்தானே" என்றார்.

எப்போது நிற்கும் என்றேன்.

"என்ன பிள்ளை இது கேள்வி. ராகு காலத்திலை. நாங்கள் சொல்லித்தானே உங்கடை வித்யா செய்து தந்தவா. ஒரு கலியாணத்துக்கு ஆரும் ராகு காலத்திலை நாள் பதியலாமே? இவ்வளவு காலத்திலை ஒருநாளும் பிசகினதில்லை. திறமான வேலை."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். பிறகு சிரித்தேன் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரமாக ஒழுங்கே இல்லை, ஒழுங்கே இல்லை என்று மண்டையை உடைத்தோமே! திங்கள் காலை ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை. வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் இதற்குள் கண்டுபிடித்து, இந்தப் பெண்ணுக்கு இது தெரியவில்லையா என்று தலையில் அடித்திருப்பீர்கள். எங்கள் அம்மா கேட்டிருந்தால் திங்கட்கிழமையே சொல்லியிருப்பார். அம்மாவிடம் யார் சேர்வரைப் பற்றிக் கேட்பது?

குகன் ஏற்கெனவே தேடத் தொடங்கிவிட்டான். சேர்வருக்குள் ஒரு நேர அட்டவணை உண்டு. இன்ன கிழமை, இன்ன மணிக்கு இன்னதைச் செய் என்று எழுதி வைத்தால் அது மறக்காமல் செய்யும். அதில் கிழமைக்கு ஒரு வரி இருந்தது. செவ்வாய்க்கிழமையே குகன் இதைப் பார்த்திருக்கிறான். ஆனால் சேர்வரின் மணிக்கூடு எங்கள் மணிக்கூடு அல்ல. நமக்கு விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் அங்கே அதிகாலை இரண்டு மணி. ஏதோ சேர்வர் தன்னைத் தானே கூட்டித் துடைக்கிற நேரம் என்று நினைத்து விட்டுவிட்டான். ராகு காலம் வெளிநாட்டு நேரத்தில் எழுதியிருந்தால் யாருக்கு அடையாளம் தெரியும்?

அந்த வரிகள் சொன்னது இதுதான்: இந்த நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்து, இந்த நேரத்தில் எல்லாவற்றையும் எழுப்பு.

எல்லாவற்றையும்! மண்டபத்தை மட்டும் அல்ல. ஒரு வீட்டுக்காரர் மத்தியானம் நித்திரை கொள்ள வேண்டுமென்று முழு ஒழுங்கைக்கும் கரண்டை நிறுத்தியிருக்கிறது.

வித்யா எங்களோடு வேலை செய்த பிள்ளை. கெட்டிக்காரி. கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும், ஆனாலும் போன் எடுத்துவிட்டேன். வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப அந்த மெஷினுக்குள்ளை எல்லாம் எண்டா மண்டபம் ஒண்டுதானே அக்கா. வேறை ஆர் இருந்தது?"

உண்மைதானே? அவள் எழுதியபோது அது சரியான வேலை. தனி வீட்டில் எல்லாரும் படுக்கலாம் என்றால் ஒருவருக்கும் நட்டமில்லை. பிறகு குடிவந்தவர்கள் நாங்கள். வீட்டுக்காரரின் வழக்கம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டி படுக்கையோடு நுழைந்ததும் நாங்கள்தான்.

குகன் 'எல்லாவற்றையும்' என்ற அந்தச் சொல்லை அழித்துவிட்டு, மண்டபம் என்று எழுதினான். அவ்வளவுதான் வைத்தியம். ஒரு சொல். ஒரு வாரப் பதற்றம், அரைப் பட்டினி, ஒரு பஸ் பயணம், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது.

ஜெசிந்தா அக்காவுக்கு விஷயத்தைச் சொல்லி, படங்களைச் சின்னதாக்கச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். பிறகு அவருடைய பழைய சத்தம் திரும்பி வந்தது. அப்பாடா! தன் நண்டை எட்டுக்கால் பூச்சியாக்கியது ராகுவா, நானா என்று கேட்டார். நான்தான் என்றேன். நாளைக்குப் பெரிய படம் போடுகிறேன், பார் என்றார்.

ஆனால் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. திருத்திவிட்டோம் என்று சொன்னால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. இன்னொரு முறை நின்றால் ஹொட்டேல் போய்விடும். பத்து மணிக்கே நானும் குகனும் கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். திரையில் இரண்டு வரி. மண்டபம், பச்சை. நண்டுக் கடை, பச்சை. அக்கா போனில் லைனில் இருந்தார். அவர் வாய்க்குள் அந்தோனியாரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நான் யாரிடம் சொன்னேன் என்பது வேண்டாம். பக்கத்தில் குகன் இருந்தான்.

பத்தரை.

மண்டபம் சிவப்பானது. ஒரு நொடியும் பிசகாமல், கதிர்காமநாதன் அண்ணை சொன்னது போலவே, திறமாக.

நண்டுக் கடை பச்சை.

ஒரு நிமிடம். பச்சை. இன்னும் கொஞ்சம். பச்சை. நாங்கள் இருவரும் கண் வெட்டவில்லை. அந்நேரம் திரையில் மணி அடித்தது — ஹொட்டேலிலிருந்து ஓர்டர்! ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு நண்டு, இறால், விளைமீன் என்று நீண்டுகொண்டே போனது. செஃப் பெரிய படத்தைப் பார்த்திருக்கிறார் போல. நான் போட்ட சத்தத்தில் கீழே இருந்த மருந்துக் கடைக்காரர் யாருக்கோ மயக்கம் என்று எண்ணி, தண்ணீர்ப் போத்தலோடு படியேறி வந்துவிட்டார். போனுக்குள் அக்கா, "வந்திட்டுதோ, வந்திட்டுதோ" என்று கேட்டபடி இருந்தார். வந்துவிட்டது என்றேன். அந்தப் பக்கத்தில் பல பெண்கள் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று விளங்கவில்லை. விளங்கத் தேவையும் இல்லை.

பிழைகளைக் கண்டுபிடிக்கிற இந்தத் தொழிலில் நான் இத்தனை வருடம் இருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு பிழை எனக்குக் கிடைத்ததே இல்லை. யாருமே தப்புச் செய்யவில்லை. மண்டபத்தார் கேட்டது அவர்களுக்கு நியாயம். வித்யா செய்தது அவளுடைய நாளில் சரி. அக்காவின் நண்டு எந்தக் காலத்திலும் குற்றமற்றது. எல்லாரும் நல்லவர்களாக இருந்தும் ஒரு கடை ஒரு வாரமாக நின்று நின்று ஓடியிருக்கிறது. நம் வீடுகளிலும் முக்கால்வாசிச் சண்டைகள் இப்படித்தானே?

சனிக்கிழமை காலை அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நல்ல சேலை, தலையில் பூ, கையில் எங்களுக்கு ஒரு பை நிறைய நண்டு. ஒன்பதரைக்கு ஹொட்டேலில் கையெழுத்தாம். போகிற வழியில் சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார். குருநகரிலிருந்து நகரத்துக்குப் போகிற வழியில் மானிப்பாய் எங்கே வருகிறது என்று நான் கேட்கவில்லை. சந்தோஷமான ஆட்களுக்கு எல்லா வழியும் வழிதான்.

குகன் கதிரையில் நெளிந்தான். திரையில் அப்போதுதான் சிவப்பாகியிருந்த மண்டபத்தைப் பார்த்தான். மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு மிகவும் சாதாரணமாக, பல்லைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, ஒரு பத்தரைக்குப் பிறகு போங்கோவன்."

ஏன் என்று அக்கா கேட்டார்.

"இல்லை... ரோட்டிலை சனமாய் இருக்கும்."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். என்னையும் பார்த்தார். சிரிப்பை அடக்க நான் நண்டுப் பைக்குள் தலையை விட்டேன்.

"எங்கடை நண்டுக்கு உதெல்லாம் தெரியாது தம்பி. செத்தா விலை போகாது எண்டதுதான் தெரியும். ஒம்பதரைக்கே போறன்."

போனார். கையெழுத்துப் போட்டார். ஹொட்டேல் வாசலில் நின்று எங்களுக்குப் படம் அனுப்பினார். பெரிய படம். ஒவ்வொரு பல்லையும் எண்ணலாம்.

இப்போது எங்கள் சேர்வருக்குள் இரண்டு குடித்தனம். ஒன்று ராகு காலத்தில் கதவைச் சாத்தும். மற்றது அந்நேரத்தில் நண்டு விற்கும். சுவர் ஒன்றுதான், இருவருக்கும் ஒரு சச்சரவும் இல்லை.

குகன்தான் இன்னும் எந்தக் குடித்தனத்தில் என்று முடிவாகவில்லை.